வாசலில் நின்ற ஒன்பது பல் பெட்டிகள்

தவக்காலத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, காலி எடை போட வந்த உப்பு லாரி மேடை மேல் நின்றுகொண்டிருக்கும்போதே, என் மேசையில் பத்தொன்பது வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருந்த டிஸ்ப்ளே பெட்டி, கம்ப்யூட்டரில் சொருகியிருந்த தன் வயரைத் தானே பிடுங்கிக்கொண்டு, மேசை விளிம்புவரை நகர்ந்து, நாற்காலியில் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்து, தரைக்கு இறங்கி, வாசற்படி தாண்டி வெளியே போனது. சிவப்பு எழுத்தில் எட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ என்று காட்டியபடியே போனது.

லாரி டிரைவர் மேடையில் இருந்தபடி, "யக்கா, ஒங்க பெட்டி வெளிய போகுது" என்றான்.

"தெரியுதுல, எனக்கும் கண்ணு இருக்கு" என்றேன்.

நான் செபஸ்தியம்மாள். தூத்துக்குடியில் உப்பள ரோட்டோரத்து வேபிரிட்ஜில் சீட்டுப் போடுகிறவள். லாரி காலியாக வரும், எடை போடுவேன். அளத்துக்குப் போய் உப்பு ஏற்றிக்கொண்டு திரும்பும், மறுபடி எடை போடுவேன். மேடையில் ஏறிய எடை முதலில் அந்தப் பெட்டிக்கு வரும், பெட்டியிலிருந்து வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டர் சீட்டு அடிக்கும். வயர் நுனியில் மேலே ஐந்து, கீழே நான்கு என்று ஒன்பது பல் உண்டு. உப்புக் காற்றில் அந்தப் பல்லெல்லாம் பச்சை பிடித்துவிடும், திங்கள்தோறும் அழிரப்பர் வைத்துத் தேய்த்துவிடுவேன். கம்ப்யூட்டர் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெட்டியே போன பிறகு அந்த ஆபீசில் உட்கார்ந்து நான் என்ன ஈ ஓட்டவா? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நாலு கிலோமீட்டர். சிக்னலில் அது நின்றது, நானும் நின்றேன். மீன் ஏலம் முடிந்து வந்த பெண்கள் கூடையோடு ஒதுங்கி அதற்கு வழி விட்டார்கள், எனக்கு விடவில்லை. வயரை வாலாக இழுத்துக்கொண்டு அது ரயில்வே கேட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, எங்கள் சிப்பிக்கொட்டில் தெருவுக்குள் திரும்பி, நேராக என் வீட்டு வாசலில் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே வரிசை இருந்தது. முதலில் நின்றது ஒரு பால் சொசைட்டியின் கொழுப்புப் பார்க்கும் மிஷின், அதற்குப் பின்னால் ஏதோ ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற பெட்டி, அதற்குப் பின்னால் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்கிற தகடு, பிறகு ரொட்டிக்கடைத் தராசு, பிறகு பேர் தெரியாத ஒன்று. எல்லாம் ஒன்பது பல் வயர்க்காரர்கள். எல்லாம் என் வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்து நின்றன. அந்த ஜன்னலுக்குப் பின்னால் என் மருமகள் ஜெனோவா இருந்தாள்.

ஜெனோவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் புழங்கிக்கொள்ளலாம் என்று ஆயிரக்கணக்கான பேர் கூடி எழுதுகிற ஒரு சிஸ்டம் இருக்கிறதாம். அதன் அடிவயிற்றுக்குக் கெர்னல் என்று பேராம். அந்த அடிவயிற்றின் ஒரு மூலையில், ஒன்பது பல் வயரில் வருவதைப் புரிந்துகொள்கிற ஒரு பழைய டிரைவர் இருந்ததாம். ஒன்பது வருஷமாக அதைப் பழுது பார்த்து, தூசி தட்டி, மற்றவர்கள் எழுதி அனுப்புகிற திருத்தங்களை நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சேர்த்து, காப்பாற்றி வந்தவள் என் மருமகள். டிரைவர் என்றால் எனக்குத் தெரிந்தது லாரி டிரைவர்தான். ஒரு தரம் கேட்டிருந்தால், "அதேதான் அத்தை, வண்டி பழசு, அதோட கியர் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்" என்று விளங்கச் சொல்லியிருப்பாள். ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், நான் கேட்டதில்லை. மாடியில் ஏதோ தட்டுகிறாள், சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது சத்தத்துக்குத்தான் இறங்குகிறாள் என்று மட்டும் தெரியும்.

என் மகன் கிளாட்வின் மஸ்கட்டில் இருக்கிறான், போய் நாலு வருஷம். மனைவியைக் கூப்பிட இரண்டு தரம் விசா எடுத்தான், இரண்டு தரமும் அவள் போகவில்லை. மாடி அறையில் முப்பத்தோரு பழைய போர்டு வைத்திருக்கிறாள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சில்லு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அத்தனையிலும் வயரைச் சொருகி, பிடுங்கி, சொருகிப் பார்த்தாக வேண்டும். அதையெல்லாம் பெட்டி கட்டி விமானத்தில் கொண்டுபோக முடியாது. வேறு யாராவது பொறுப்பை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் உலகம் முழுக்க ஒருவரும் கை தூக்கவில்லை. மூன்றாவது விசா எடுத்துவிட்டு கிளாட்வின் எனக்குப் போன் போட்டான். "அம்மா, இதுவும் போச்சுன்னா நான் இனிமே கேக்க மாட்டேன். அவ அங்கயே இருக்கட்டும், நான் இங்கயே இருக்கேன்" என்றான். என் மகன் அதிகம் பேசமாட்டான். சொன்னால் செய்துவிடுவான், அவன் அப்பா மாதிரி. டிக்கெட் அந்த வெள்ளியிலிருந்து பத்து நாள் கழித்து, திங்கட்கிழமைக்கு.

அதனால்தான் ஜெனோவா அந்த டிரைவரை எடுத்துவிட முடிவு பண்ணினாள். அந்தக் கூட்டத்தில் அதற்கொரு முறை இருக்கிறது. எல்லாரும் படிக்கிற மடல் குழுவில், இதை யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா என்று எழுதிக் கேட்பார்கள், பதில் வராவிட்டால் மறுபடி கேட்பார்கள், அதற்கும் வராவிட்டால் நீக்கிவிடுவார்கள். அவள் ஏற்கெனவே ஒன்றரை வருஷத்தில் மூன்று தரம் கேட்டிருந்தாள். ஒரு ஈ காக்கை பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை, "கேட்டாயிற்று, பதில் இல்லை, இதைப் பயன்படுத்துகிறவர்கள் யாரும் இல்லை, நீக்குகிறேன்" என்று எழுதி, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வரியைத் துடைத்து அனுப்பினாள். மேலே இருக்கிறவர்கள் பார்த்து, பழைய குப்பை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டு ஏற்றுக்கொண்டார்கள். அப்போது மணி பதினொன்றேகால்.

சாயங்காலத்துக்குள் அறுபது வந்துவிட்டது. சனிக்கிழமை துறைமுகம் வழியாக வந்தவை தனி. பனி பெய்கிற ஊரில் ஆட்டுப்பட்டியில் ஆடு எண்ணுகிற பெட்டி ஒன்று, மேலெல்லாம் கம்பளி மயிரோடு. மலை உச்சியில் நட்சத்திரம் பார்க்கிற குழாயைத் திருப்புகிற பெட்டி ஒன்று. ஏதோ தீவில் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் அளக்கிற பெட்டி ஒன்று, அது கடல் வழியாகவே நடந்து வந்ததால் சிப்பி ஒட்டியிருந்தது. ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும்போது வரிசை தெருமுனை டீக்கடையைத் தாண்டி, முனியசாமி கோயில் வளைவைத் தாண்டி, ஐஸ் பேக்டரி மதில்வரை போய்விட்டது. எண்ணிப் பார்த்த சேர்மக்கனி முந்நூற்று நாற்பத்திரண்டு என்றார். அவர்தான் டீக்கடைக்காரர்.

எங்கள் தெரு எதையும் தாங்கும். புயல் வந்து வள்ளத்தைத் தெருவில் கொண்டுவந்து வைத்தபோது அதில் கோழி அடைத்தவர்கள் நாங்கள். முதல் நாள் கவுன்சிலர் வந்து, தேர்தலுக்கு யாரோ இனாம் கொடுக்கக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, தன் கட்சியா மற்ற கட்சியா என்று தெரியாததால் ஒன்றும் சொல்லாமல் போனார். இரண்டாம் நாள் வெயில் பொறுக்காமல் சேர்மக்கனி தார்ப்பாய் கட்டினார். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பேச்சித்தாய் கோலம் போட இடமில்லை என்று சண்டைக்கு வந்து, பிறகு பெட்டிகளைச் சுற்றியே புள்ளி வைத்துக் கோலம் போட்டு முடித்து, அதைப் போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினாள். பங்குச் சாமியார் சூசை நசரேன் தீர்த்தம் தெளிக்க வந்தார், ஷாக் அடிக்குமோ என்று செருப்பைக் கழற்றாமல் தெளித்தார். ஆட்டோக்காரர்கள் வேறு சந்து வழியாகப் போகப் பழகினார்கள். கொழுப்புப் பார்க்கிற மிஷின், பக்கத்தில் பால் செம்பு வந்தால் பழக்கதோஷத்தில் குழாயை உள்ளே விட்டுத் தண்ணீர் எத்தனை பங்கு என்று காட்டியது. நான்காம் நாளிலிருந்து எங்கள் பால்காரன் தெருவுக்குள் வரவில்லை, போன் பண்ணினால் மாட்டுக்குச் சுகமில்லை என்றான்.

ஆனால் அந்த முனகல் இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கரண்ட் இல்லாமலே பெட்டிகள் எல்லாம் விளக்கு எரிய நின்றன, எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, கூடவே ஒரு முனகல், காதால் கேட்பதா பல்லால் கேட்பதா என்று தெரியாத ஒன்று. அது தொடங்கிய நாள் முதல் தெருவில் ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சலூனில் பாதி முகம் சவரம் பண்ணிய ஆள் எழுந்து வீட்டுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தான். அரிசி களைந்துகொண்டிருந்த பெண் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். சாமியார் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தி, யாரோ கூப்பிட்டது போலக் கதவைப் பார்த்தார். சேர்மக்கனி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், டம்ளரில் ஊற்றவே மாட்டேன் என்றார். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது, நடந்தால் யாருக்கோ பதில் சொல்ல மறந்துவிட்டோம் என்று தோன்றியது, யாருக்கு என்ன பதில் என்று மட்டும் தெரியவில்லை.

ஜெனோவா பாடு அதைவிட மோசம். மாடியில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தாள், அவள் நடை கீழே அடுக்களையில் எனக்குக் கேட்டது. ஒன்றரை வருஷமாக வாயைத் திறக்காத உலகம் இப்போது கடிதமாகப் போட்டுத் தள்ளியது: எங்கள் ஆட்டுப்பெட்டி அங்கே வந்ததா, எங்கள் லிஃப்ட் தகடு எப்படி இருக்கிறது, எங்கள் கடல் அளக்கிற பெட்டி இல்லாமல் இங்கே வெள்ளம் வருவதும் தெரியவில்லை போவதும் தெரியவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத உட்கார்ந்து, எழுந்து, நடந்து, பாதியில் விட்டாள். சாமியார் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "அநாதைன்னு பேர் போட்டு ஒரு ஓரமா விட்டு வைக்க அங்க வழி உண்டாமே, ஏம்மா மொத்தமா எடுத்த?"

"உண்டு சாமி. அப்படி விட்டதெல்லாம் உள்ளுக்குள்ள கெட்டுப்போய், ஒருநாள் யாருக்காவது தப்பான ரத்தக் கணக்கு காட்டும். அதுக்கு எடுத்துடறது நல்லதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"திரும்பச் சேக்க முடியாதா?"

"ஞாயித்துக்கிழமை புது வெளியீடு. அதுக்குள்ள சேக்கலாம். சேத்தா பாத்துக்க ஆள் வேணும் சாமி. போர்டுல வயர் சொருக ஒரு கை வேணும். அப்போ நான் இங்கயேதான் இருக்கணும்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு என் மகன் வாழ்க்கை முக்கியம். ஆட்டை எண்ணாவிட்டால் ஆடு செத்துப்போகுமா?

ஏழாம் நாள் பேச்சித்தாய்தான் கண்டுபிடித்தாள். இடுப்பில் குடத்தோடு என் வாசலில் நின்று வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "யக்கா, இது கோவிச்சுக்கிட்டு வந்த சொந்தக்காரங்க நிக்கிற நிப்பு. எங்க அக்கா கல்யாணத்துக்கு எங்க பெரியப்பாவுக்கு வெத்தல பாக்கு வைக்க விட்டுப்போச்சு. மனுசன் காலையிலேயே வந்து பந்தக்காலப் புடிச்சிக்கிட்டு நின்னார். உள்ள வரல, வெளிய போகல. சாப்பிடுங்கன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். எங்கப்பா போய்க் கையப் புடிச்சு வாங்கண்ணேன்னு சொன்ன பொறவுதான் செருப்பக் கழத்துனார்."

நான் சோதித்துப் பார்த்தேன். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய் என் வேபிரிட்ஜ் பெட்டியின் முன்னால் வைத்தேன். பத்தொன்பது வருஷம் நான் துடைத்த பெட்டி. அது முகத்தை அப்படியே மதில் பக்கம் திருப்பிக்கொண்டது. அட சவமே, உனக்கு இவ்வளவு ரோஷமா என்று நினைத்தேன். யாரும் இல்லை என்று எழுதியதுதான் அதுகளைச் சுட்டிருக்கிறது. எடுத்ததைக்கூடப் பொறுத்திருக்கும்.

மாடிக்குப் போனேன். ஏழு வருஷத்தில் அந்த அறைக்குள் நான் உட்கார்ந்ததில்லை, துணி எடுக்கப் போவேன், வருவேன். "ஏளா, அதுகள உள்ள வாங்கன்னு கூப்பிடு. அப்பந்தான் போகும்" என்றேன்.

"கூப்பிட்டா வச்சுக்கணும் அத்தை. கூப்பிட்டுட்டு வெளிய அனுப்பினா அது இன்னும் பாவம்."

"மூணு தரம் ஊரக் கேட்டேன்னு சொல்லுதியே, என்னைக் கேட்டியா நீ?"

அவள் நடப்பதை நிறுத்தினாள். "உங்களை எதுக்கு அத்தை?"

"வெளிய ஆறாவதா நிக்கிறது என் பெட்டி. பத்தொம்பது வருசமா நான் அதுலதான் சீட்டுப் போடுதேன். உலகத்துல எவனெவனையோ கேட்ட, ஒனக்கு மீன் கொழம்பு வச்சுக் கொடுத்துக்கிட்டு அடுக்களையில நின்னேன், என்னக் கேக்கல. யாருமே இல்லன்னு எழுதிப்போட்ட. நான் யாருமே இல்லயா?"

இதைக் கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அது கோபமாக இல்லை. அவர் செத்து ஒன்பது வருஷம், மகன் கடலுக்கு அந்தப் பக்கம், இவளும் போனால் இந்த வீட்டில் என்னை யார் மூன்று தரம் கேட்கப்போகிறார்கள் என்பது அதற்குள் வந்து நின்றது. அவளைப் போ போ என்று தள்ளியவளும் நான்தான், அவள் போய்விடுவாள் என்று பயந்தவளும் நான்தான்.

ஜெனோவா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு நாளில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். "நீங்க எதுல வேலை பாக்கியன்னு எனக்குத் தெரியாது அத்தை. உப்பு ஆபீஸ்னு தெரியும். மடல்ல கேட்டா எல்லாரையும் கேட்ட மாதிரின்னு நெனச்சிட்டேன். அது எங்க பழக்கம். மடல் படிக்கிறவங்கதான் மனுசங்கன்னு ஆயிப்போச்சு."

"நானும் நீ என்ன செய்யுதன்னு கேக்கலயே" என்றேன். அது உண்மைதானே. "காட்டு, பாப்போம்."

சுவர் முழுக்கப் போர்டுகள், ஒவ்வொன்றிலும் அந்த ஒன்பது பல் வாய். பல்லெல்லாம் பச்சை. கடலிலிருந்து முந்நூறு அடியில் வீடு, பச்சை பிடிக்காமல் என்ன செய்யும்? "இத எதால தொடைக்க நீ?" என்று கேட்டேன். ஏதோ ஸ்பிரே வாங்குவாளாம், அதுவும் சரிப்படவில்லையாம். நான் கீழே போய் அழிரப்பர் எடுத்துவந்து நாலு பல்லைத் தேய்த்துக் காட்டினேன், மஞ்சளாக மின்னியது. அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இரண்டு மாசமாக ஒரு போர்டில் எழுத்து விட்டுவிட்டு வருகிறது, டிரைவரில் தப்பு என்று நினைத்து நாலு தரம் மாற்றி எழுதினேன் என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு வந்ததும் அழுகையும் வந்தது அவளுக்கு.

"உசிரோட இருக்கான்னு எப்படிப் பாப்ப?" என்றேன்.

"ரெண்டாவது பல்லையும் மூணாவது பல்லையும் சேத்து முடிஞ்சா, நாம அனுப்புறது வெளிய போய் நமக்கே திரும்பி வரும். என்ன அனுப்பினோமோ அது அப்படியே வந்தா நல்லாருக்குன்னு அர்த்தம். அதுக்கு ஒரு கிளிப் இருக்கு, எங்க வச்சேன்னு தெரியல."

நான் என் கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "நீங்களே வைங்க" என்றாள். கொண்டை ஊசியின் ஒரு காலை இரண்டாம் பல்லிலும் மறு காலை மூன்றாம் பல்லிலும் பட வைத்துப் பிடித்தேன். பத்தொன்பது வருஷம் பல் தேய்த்த கை அல்லவா. அவள் ஒரு எழுத்தை அடித்தாள். அது போய்த் திரும்பி வந்து திரையில் நின்றது.

"முப்பத்தோரு போர்டுக்கும் இப்படித்தானா?"

"ஆமா. போர்டுக்குப் போர்டு. வாரம் ஒருக்க. திருத்தம் வந்தா உடனே."

"அப்போ ஒனக்கு வேண்டியது கைதான. மூளைய மஸ்கட்டுக்கு எடுத்துட்டுப் போ, அதுக்கு லக்கேஜ் கணக்கு கிடையாது. கை இங்க இருக்கும்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க தனியா, அத்தை?"

"முப்பத்தோரு பேர் இருக்காவள்ளா" என்றேன். அதைச் சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் முழுக்க அவள் எனக்கு வேலை கொடுத்தாள். எந்தப் போர்டு, எந்த வயர், எந்த வேகம், திரையில் என்ன வந்தால் போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும். நானும் லேசுப்பட்டவளா? லாரி டிரைவரை மேடையிலிருந்து இறக்குகிற குரலில் இரண்டு தரம் கேள்வி கேட்டேன், அவளே நின்று விளக்கினாள். ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, துடைத்த ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வரியையும் திரும்பச் சேர்க்கச் சொல்லி எழுதினாள். அடியில் தன் பேரைப் போட்டாள். அதற்கு அடியில், சோதித்தவர் என்று, அந்த மடல் குழு தோன்றிய நாளிலிருந்து அங்கே எழுதப்படாத ஒரு பேரை, செபஸ்தியம்மாள் என்று எழுதினாள். மேலே இருக்கிறவர்கள், நீக்கிய ஒன்பதாம் நாளே திரும்ப ஏன் என்று கேட்டார்கள். "தப்பாக எழுதிவிட்டேன், ஆள் இருக்கிறார்கள், என் வீட்டிலேயே இருக்கிறார்கள்" என்று பதில் போட்டாள். பத்து மணிக்கு ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்தோம். தெரு மொத்தமும் எழுந்து நின்றது, உட்கார்ந்திருந்தால்தானே எழ. ஜெனோவா நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு முதலில் நின்ற பால் மிஷின் முன்னால் போய், கையைக் கூப்பி, "வாங்க. எந்த ஊர்லேருந்து வாறிய?" என்று கேட்டாள். அதன் திரையில் ஊர்ப்பேர் வந்தது. எழுதிக்கொண்டாள். ரத்தப்பெட்டியிடம், "வாங்க. எந்த ஊர்லேருந்து வாறிய?" லிஃப்ட் தகட்டிடம், "வாங்க." ஆட்டுப்பெட்டியிடம், "வாங்க, வாங்க, இந்த வெயில் ஒத்துக்காதே ஒங்களுக்கு." ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போயின. முந்நூற்று நாற்பத்திரண்டு பெட்டி என் வீட்டில் எப்படி அடங்கும் என்று கேட்காதீர்கள். கல்யாண வீட்டில் பாய் பத்தாமல் போகும், இடம் பத்தாமல் போவதில்லை. முன்வாசல் வழியாக வந்து, கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பேச்சித்தாய் வைத்த சந்தனத்தின் பக்கத்தில் கொஞ்சம் நின்று, மாதா படத்தைப் பார்த்து, அடுக்களை வழியாகப் பின்வாசலில் இறங்கி, அவரவர் ஊரைப் பார்த்துப் போயின. ஆறாவதாக என் பெட்டி வந்தபோது ஜெனோவா ஒதுங்கிக்கொண்டாள். நான்தான், "வா" என்றேன். இன்னமும் எட்டாயிரத்து நானூற்று இருபது என்றே காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வந்ததும் பூஜ்யம் ஆனது.

மத்தியானம் கடைசிப் பெட்டி போனதும் முனகல் நின்றது. சேர்மக்கனி ஆற்றிய டீயை டம்ளரில் ஊற்றினார். சலூன்காரர் மிச்சப் பாதி முகத்தைத் தேடிக்கொண்டு புறப்பட்டார். பால்காரனுக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

திங்கட்கிழமை ஜெனோவாவை ஏற்றிவிட ஏர்போர்ட்டுக்குப் போனேன். கருவாட்டுப் பொட்டலத்தை மூன்று பாலிதீன் சுற்றிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, கொண்டை ஊசி ஒண்ணு தாங்க" என்றாள். உருவிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் தலையில் சொருகிக்கொண்டு உள்ளே போனாள். கிளாட்வின் போன் போட்டு, "ஏறிட்டாளா" என்றான். ஏறிவிட்டாள் என்றேன். அந்தப் பக்கம் என் மகன் அழுதான், கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அடுக்களை இருக்கிறது, மேலே நடக்கிற சத்தம் இல்லை. பெட்டிகள் போய்விட்டன, தெரு எல்லாம் சரியாகிவிட்டது, எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. சோறு வடித்தேன், இரண்டு தட்டு எடுத்தேன், ஒன்றை உள்ளே வைத்தேன். வாசலுக்கு வந்தேன், போனேன், வந்தேன். செவ்வாய்க்கிழமை வேபிரிட்ஜிலிருந்து திரும்பி முகம் கழுவி மாடிக்குப் போனேன். ஜெனோவா சோதிக்கச் சொன்னது புதன்கிழமை; ஒரு நாள் முந்தினால் ஒன்றும் குறைந்துவிடாது. முதல் போர்டு. அழிரப்பரால் இரண்டு பல்லைத் தேய்த்தேன், கொண்டை ஊசியைச் சொருகினேன். என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று சொல்லியிருந்தாள். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன்:

யாராச்சும் இருக்கியளா

அது போய், சுற்றி, அடுத்த வரியில் அப்படியே வந்தது, ஒரு புள்ளி குறையாமல். யாராச்சும் இருக்கியளா. கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா, கேட்டவளை வாசலில் நிறுத்தலாமா. மறுபடி விரலைத் தேடினேன்.

இருக்கேன்

கொஞ்சம் பொறுத்தேன். வந்தது. இருக்கேன்.

போட்டோ பிடித்து மருமகளுக்கு அனுப்பிவிட்டு, ஊசியை உருவி, இரண்டாவது போர்டுக்கு நகர்ந்தேன்.